உப்பில்லாப் பண்டம்

"உள்ள வாங்கம்மா. வாசல்லயே நின்னுட்டிருந்தா எப்படி?"

குடியிருப்புச் சங்கச் செயலாளர் கூப்பிட்டும் சூப்புக் கடை அம்மா அசையவில்லை. மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் ஒரு பார்சலோடு கூட்ட அறைக்கு வெளியிலேயே நின்றார்.

"இருக்கட்டும் சார். இங்கேருந்தே பேசுறேன்."

"குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது" என்று பொருளாளர் பக்கத்து நாற்காலிக்காரரின் காதைக் கடித்தார். அது எல்லோருக்கும் கேட்டது.

குடியிருப்பில் இரண்டு வீடுகளில் கொரோனா தொற்று. இரண்டு வீட்டிலுமே அந்த அம்மாவின் கடையில் பார்சல் வாங்கியிருந்தார்கள். போதாதா? எதிர்ப்பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கடையில் யாராவது உட்கார்ந்து சாப்பிட்டு மாதக்கணக்காகிறது. இந்த அறுபது வீட்டுப் பார்சலில்தான் அங்கே அடுப்பு எரிகிறது. அதை நிறுத்துவதா, விடுவதா என்று முடிவெடுக்கத்தான் இந்த அவசரக் கூட்டம்.

செயலாளரோடு சேர்த்து ஒன்பது பேர். ஏசி ஓடியதால் ஜன்னல்களை இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். கத்திப் பேச வசதியாக மாஸ்க்குகள் தாடைக்கு இறங்கியிருந்தன.

செயலாளரைச் சும்மா வம்புக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. மூன்றாவது மாடியில், மூச்சுக்கு மெஷின் வைத்துக்கொண்டு அவருடைய அப்பா படுத்திருக்கிறார். ராத்திரிச் சாப்பாட்டை இவர் கையால் ஊட்டினால்தான் அவருக்கு இறங்கும். அந்தப் பயத்தில், கடையிலிருந்து வரும் வெங்காயத்தைக்கூட சோப்புப் போட்டுக் குளிப்பாட்டித்தான் வீட்டுக்குள் விடுவார்.

"டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன் சார். சாப்பாட்டுல பரவுற மாதிரி தெரியலைங்கிறாரு. மூச்சுலயும் பேச்சுலயும்தான் பரவுதாம். அந்த ரெண்டு வீட்டுக்காரங்களும் போன வாரம் இதே ரூம்ல கூட்டத்துக்கு வந்தவங்கதானே?"

"பேச்சை மாத்தாதீங்க. சமைக்கிறவங்க எல்லாம் வைத்தியம் பேச ஆரம்பிச்சாச்சு!"

"சரி சார். இது இப்பதான் அடுப்புலேருந்து இறக்கினது. நீங்களே குடிச்சுப் பாருங்க."

பார்சலைக் கதவோரம் ஸ்டூலில் வைத்துவிட்டு அந்த அம்மா பின்னால் நகர்ந்துகொண்டார்.

எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்வாங்க முடியுமா? செயலாளர் டப்பாவை மூன்று தரம் துடைத்தார். மூடியைத் திறந்தார். கடைசி வரிசைப் பெரியவர் "ஆகா!" என்று எச்சில் விழுங்கினார். செயலாளர் இரண்டு கரண்டி வாயில் விட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, வெந்நீரா? உப்பு இல்ல, உறைப்பு இல்ல, ஒரு வாசனை இல்ல. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. நீங்க குப்பையவே டப்பால அடைச்சு விக்கிறீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தால், அவர் கண்ணில் பயம்தான் வந்தது.

"சார், ஒரு நிமிஷம் வெளிய வாங்க. தனியாப் பேசணும்."

"பாத்தீங்களா, ஆளைச் சரிக்கட்டப் பாக்குறாங்க!" என்றார் பொருளாளர்.

"எதுவா இருந்தாலும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க" என்று செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒண்ணுமில்ல சார். உப்புப் போட மறந்துட்டேன். தப்பு என்னுதுதான், தீர்மானம் போட்டுக்குங்க. இனிமே பேச என்ன இருக்கு? சட்டுனு எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புங்க. போறப்ப அந்த ஜன்னலை மட்டும் திறந்து விடுங்க."

சண்டையே இல்லாமல் ஜெயித்தது செயலாளருக்குச் சப்பென்றிருந்தது. 'பார்சலுக்குத் தடை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூட்டம் கலைந்தது.

அப்பாவுக்கு ஊட்ட நேரமாகிவிட்டதே என்று அவர் மாடிப்படியில் கால் வைத்தபோது, பின்னால் குரல் கேட்டது.

"சார், மேல போகாதீங்க!"

அந்த அம்மா பத்தடி தள்ளி, கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இன்னும் என்னம்மா?"

"சூப்புல உப்பும் இருக்கு, பூண்டும் இருக்கு, மிளகும் இருக்கு. உங்களுக்குத்தான் சார் தெரியல. போன மாசம் எனக்கும் இப்படித்தான் எல்லாம் வெந்நீரா இருந்துச்சு. மறுநாள் டெஸ்ட் எடுத்தா தொற்று. மேல அப்பா இருக்காங்க சார்."

செயலாளர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து லேசாகத் தலைபாரம். கூட்டத்து டென்ஷன் என்று நினைத்திருந்தார். மத்தியானம் காபி கழுநீர் மாதிரி இருக்கிறதென்று மனைவியிடம் எரிந்து விழுந்ததும் ஞாபகம் வந்தது. அந்த மூன்று மாடியும் ஏறியிருந்தால்!

"இதை அங்கேயே சொல்லியிருந்தீங்கன்னா உங்க கடை தப்பிச்சிருக்குமேம்மா?"

"எட்டுப் பேர் முன்னாடி உங்களைக் கைகாட்டச் சொல்றீங்களா? அப்படி நிக்கிறது எப்படி இருக்கும்னு இப்பதானே சார் பாத்தேன். ஆனா அவங்களுக்கும் இன்னைக்கே தெரிஞ்சாகணும். அதை நீங்களே சொல்லிடுங்க."

செயலாளர் படியேறவில்லை. நின்ற இடத்திலேயே மனைவிக்குப் போன் பண்ணினார்.

"அப்பாவுக்கு இன்னைக்கு நீயே ஊட்டிடு. மாஸ்க் போட்டுக்கோ. நான் மேல வரல."

அடுத்து, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தட்டினார்:

"இன்று கூட்டத்துக்கு வந்தவர்கள் தனித்திருந்து பரிசோதனை செய்துகொள்ளவும். எனக்குத் தொற்று இருக்கக்கூடும். பார்சல் தடை ரத்து. சூப்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. குறை என் நாக்கில்."