நடுக்கட்டத்துச் சட்டி

ஏணியின் ஐந்தாம் படியில் நின்று அவள் முதல் கலயத்தைக் கையில் வாங்கினாள்.

மேலே கொடுக்கவில்லை.

கூரைக்கு அடித்த சென்ட்ரிங் பலகையின் மேல் குந்தியிருந்த தனகோடி மேஸ்திரி கையை நீட்டியபடியே இருந்தார். கீழே இன்ஜினியர் இரண்டாம் கலயத்தோடு நின்றான்.

புதுக் கலயம். சூளை வாசம்கூட இன்னும் போகவில்லை.

வீடு அவளுடையது. அந்தக் குடியிருப்புக்கு அரசாங்கம் ஒதுக்கிய நாற்பதில் முதல் வீடு. சுவர் முழுக்கச் சுடாத மண்கல். மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து, அச்சில் அழுத்தி எடுத்தது. மண் சுவர் என்றதும் முதலில் அவள் ஒப்பவில்லை. பழைய வீட்டின் மண் சுவர்தான் போன கார்த்திகை மழையில் அவள் புருஷன்மேல் விழுந்தது. ஒரு கல்லைத் தூக்கிவந்து மூன்று நாள் தண்ணீரில் போட்டு வைத்தாள். நான்காம் நாள் காலால் உதைத்துப் பார்த்தாள். கால்தான் வலித்தது. அதன் பிறகே சரி என்றாள்.

கூரையைப் பற்றி யாரும் அவளிடம் விளக்கவில்லை. இன்ஜினியர் காட்டிய படத்தில் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தது. விளக்கு என்று நினைத்தாள். ஒற்றை ஆள் இருக்கிற வீட்டுக்கு எழுபது விளக்கா என்று மலைத்தும் போனாள்.

இன்று காலையில்தான் வண்டியில் கலயங்கள் வந்து இறங்கின. கம்பிக் கட்டங்களுக்கு நடுவே இவற்றைக் கவிழ்த்து வைத்துக் கலவை கொட்டினால் சிமெண்ட் குறையும், பாரம் குறையும், வெயில் உள்ளே இறங்காது என்றான் இன்ஜினியர். சந்தோஷமாகச் சொன்னான்.

போன கார்த்திகையில் இதே போல ஒரு கலயம் அவள் வாசலிலிருந்து கிளம்பியது. கொழுந்தன் மகன் தோளில்.

மூன்று சுற்று. மூன்று ஓட்டை.

சுடுகாட்டுக்கு அவள் போகவில்லை. ஆனாலும் அது உடைந்த சத்தம் காதில் விழுந்ததாகத்தான் இன்றும் நினைக்கிறாள்.

இப்போது எழுபது. படுக்கிற தலைக்கு மேலே.

அவளுக்குப் பயமாக இருந்தது. கோபமும் வந்தது. படித்த பிள்ளை, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கீழே பெண்கள் கூடிவிட்டார்கள். எனக்குத் தகரமே போதும் என்றாள் ஒருத்தி. கொள்ளிக்குடத்துக்கு அடியில் எவள் குடியிருப்பாள் என்று முணுமுணுத்தாள் இன்னொருத்தி. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் இறங்கினால் நாற்பதும் நின்றுவிடும்.

கலவை மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது. வடக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வளைகாப்பு முடிந்து தாய் வீடு என்று வந்த மகள், ஓரமாகக் கட்டிய தார்ப்பாய்க் கொட்டகைக்குள் படுத்திருந்தாள்.

இன்ஜினியர் வெயிலைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தான்.

"சார், செத்த சும்மா இருங்க" என்றார் மேஸ்திரி. அவருக்குத் தெரியும். காலையிலிருந்து அவரும் ஒரு கலயத்தைக்கூடத் தொடாமல், கட்டிய கம்பியையே திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்.

அவள் கலயத்தை இன்ஜினியர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். இறங்கினாள். தார்ப்பாய்க்குள் போய்விட்டாள்.

அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். இன்ஜினியர் மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் திரும்பி வந்தபோது கையில் ஒரு சட்டி இருந்தது. அடுப்பில் கரி பிடித்த, காலையில் சோறு வடித்த சட்டி. மேலே தட்டு மூடியிருந்தது.

ஏணியில் ஏறினாள்.

"மொதல்ல இத வைங்க மேஸ்திரி. நடுவுல."

மேஸ்திரி தட்டை எடுத்து உள்ளே பார்த்தார். அவளைப் பார்த்தார். சட்டியின் வாயை உள்ளங்கையால் மூடி, நடுக்கட்டத்தில் மெதுவாகக் கவிழ்த்தார்.

அதன் பிறகு கலயங்கள் மளமளவென்று ஏறின. அவள்தான் ஒவ்வொன்றையும் வாங்கிக் கொடுத்தாள். கடைசியில் ஒன்று மிஞ்சியது.

வேறு சட்டி இல்லாததால் அன்று அதில்தான் பொங்கினாள். பழக்காத சட்டி. சோற்றில் மண் வாசம் அடித்தது. மகள் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. கூரைக்கு நல்லது என்றார் மேஸ்திரி.

இருபதாம் நாள் பலகைகளைப் பிரித்தார்கள். தலைக்கு மேலே செக்கச் செவேலென்று வட்டங்கள். நடுப்பலகை கடைசியாக இறங்கியது. இன்ஜினியர் பொறுக்க மாட்டாமல் நேர் கீழே போய் நின்று அண்ணாந்தான்.

தலையில் ஏதோ உதிர்ந்தது.

காய்ந்த சோற்றுப் பருக்கைகள். ஒரு கைப்பிடி இருக்கும்.

அவசரத்தில் கழுவாமல் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டான்.

"காலிச் சட்டியத் தலைக்கு மேல வெப்பாங்களா சார்?"

வாசலில் நின்ற பெண்கள் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். என் வீட்டுக்கு எப்போது கூரை போடுவீர்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டாள் இரண்டாம் வீட்டுக்காரி.

இன்ஜினியர் தலையைத் தட்டிவிடக் கையைத் தூக்கினான்.

அப்படியே இறக்கிக்கொண்டான்.