புதுச் சுண்ணாம்பு

சுவர் குளிர்ந்திருந்தது.

அவள் உள்ளங்கையை எடுக்காமல் நின்றாள். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவில் சேறு பாளம் பாளமாக வெடிக்கத் தொடங்கியிருந்தது. இந்தச் சுவரில் மட்டும் மழை இன்னும் போகவில்லை.

வெள்ளச் சேதம் கணக்கெடுக்க வேறு மாவட்டத்திலிருந்து அனுப்பப்பட்டவள் அவள். கையில் அலுவலகம் கொடுத்த டேப்லெட். ஒவ்வொரு வீட்டையும் வெளியிலும் உள்ளேயும் படம் எடுக்க வேண்டும். சேதத்தைத் தனியாக எடுக்க வேண்டும். கடைசியில் திரையில் ஒன்றைத் தொட வேண்டும். முழுச் சேதம், பகுதிச் சேதம், சேதமில்லை.

ஆற்றங்கரைத் தெருவில் எல்லா வீட்டிலும் சேறு அப்படியே கிடந்தது. அதிகாரிகள் வந்து பார்க்கிற வரைக்கும் தொடக்கூடாது என்று யாரோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

அவள் இப்போது நின்றிருந்த மாடத்தி வீட்டில் மட்டும் சேறு இல்லை.

தரை கழுவித் துடைத்திருந்தது. நான்கு பக்கமும் புதுச் சுண்ணாம்பு. சாம்பிராணி வாசம். நடுவே உத்தரத்திலிருந்து ஒரு சேலைத் தொட்டில் தொங்கியது. உள்ளே, இன்னும் தொப்புள்கொடி விழாத ஒரு பெண் குழந்தை.

"பிள்ளைய ஆஸ்பத்திரியிலேருந்து இந்தச் சேத்துக்குள்ளயா கொண்டாறது மேடம்?" என்றாள் மாடத்தி. "தண்ணி வடிஞ்சதும் நானே வாரிக் கொட்டிட்டேன்."

மாடத்தியின் விரல் இடுக்குகளைச் சுண்ணாம்பு அரித்திருந்தது.

மகள் செல்வரதி பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. தொட்டிலை ஆட்டும் கை மட்டும் ஓயவில்லை.

கணக்கெடுக்க வந்தவள் சுவரைத் தட்டிப் பார்த்தாள். நனைந்த மூட்டையைத் தட்டியதுபோல் இருந்தது.

"உள்ள மண் சுவராம்மா?"

"எங்க மாமனார் எழுப்புனது. மேல சிமெண்டு நாங்க பூசினது."

"தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?"

மாடத்தி தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள்.

உத்தரத்தின் ஒரு முனை அந்தச் சுவர்மேல்தான் உட்கார்ந்திருந்தது.

அவள் வாசலுக்கு வந்து மேற்பார்வையாளரைப் போனில் கூப்பிட்டாள்.

"கண்ணுக்குத் தெரியறத மட்டும் போடுங்கம்மா. படத்துல சேதம் இல்லேன்னா சிஸ்டம் திருப்பி அனுப்பிடும்" என்றார் அவர். வைத்துவிட்டார்.

திரும்பினால் பின்னால் மாடத்தி நின்றாள்.

"சேதமில்லைன்னே போட்டிருங்க மேடம். எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். முழுச் சேதம்னா ஆளக் கிளப்பிருவாங்களாம்லா. பச்ச உடம்புக்காரியப் பள்ளிக்கூட வராந்தாவுலயா கொண்டுபோய்ப் படுக்கப் போடச் சொல்லுதிய?"

முகாமாக்கியிருந்த அந்த வராந்தாவை அவள் காலையில் பார்த்திருந்தாள். ஒரு தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். ஈரத் துணிகள். விடாமல் இருமிக்கொண்டிருந்த ஒரு கிழவர்.

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள்.

சேதமில்லை என்பது திரையில் பச்சை நிறத்தில் இருந்தது. தொட்டால் போதும். படங்கள் பளிச்சென்று வரும். யாரும் ஒரு கேள்வி கேட்கப்போவதில்லை. மாடத்தி கையெடுத்துக் கும்பிடுவாள். அடுத்த வீட்டுக்குப் போகலாம்.

உள்ளே குழந்தை சிணுங்கியது. தொட்டில் வேகமாக ஆடியது.

உத்தரம் முனகியது.

அவள் உள்ளே போனாள்.

"தோசக்கரண்டி இருக்காம்மா?"

மாடத்தி எதற்கென்று புரியாமல் எடுத்துக் கொடுத்தாள்.

அவள் அதன் முனையைச் சுவரில் வைத்து அழுத்தினாள். பெரிதாக அழுத்தக்கூட இல்லை. சுண்ணாம்பு விரிசல் விட்டது. சிமெண்டுப் பூச்சு பத்தையாகப் பெயர்ந்து காலடியில் விழுந்தது. பின்னாலேயே மண் வந்தது. பிசைந்த மாவுபோல, ஈரம் மினுங்க, தானாகச் சரிந்து வந்தது. கரண்டியை எடுத்த பிறகும் நிற்கவில்லை.

"அய்யோ, என்ன காரியம் பண்ணுதிய!"

மாடத்தி ஓடி வந்தாள். கரண்டியைப் பிடுங்கி எறிந்தாள். ஓட்டையைக் கையால் அடைத்தாள்.

கை மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று.

மாடத்தி அப்படியே நின்றாள்.

தொட்டிலை ஆட்டிய கையும் நின்றுவிட்டது.

மாடத்தி கையை மெதுவாக வெளியே எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள். அதிலிருந்து தொட்டில் வரைக்கும் அவள் கண் இறங்கி வந்தது.

"ஏட்டி, எந்திரி" என்றாள் மகளிடம். சுவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் சொன்னாள்.

செல்வரதி குழந்தையை வாரி எடுத்தாள். தொட்டில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. மாடத்தி பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

அவள் ஓட்டையைப் படம் எடுத்தாள். முழுச் சேதம் என்பதைத் தொட்டாள். பிறகு தெருவில் போய் நின்று பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தாள்.

"பிறந்த குழந்தை வருது. வராந்தா ஆகாது. ஒரு வகுப்பறையத் திறந்து விடுங்க... சாவி யார்கிட்ட இருந்தா எனக்கென்ன? பூட்ட உடைங்க. நான் எழுதித் தரேன்."

டேப்லெட்டில் கடைசிக் கேள்வி வந்து நின்றிருந்தது.

வீட்டில் தற்போது ஆட்கள் வசிக்கிறார்களா?

ஆம். இல்லை.

அவள் தொடாமல் காத்திருந்தாள்.

பாய் வந்தது. ஒரு குடம் வந்தது. குழந்தையின் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு செல்வரதி படியிறங்கினாள். மாடத்தி மட்டும் வரவில்லை. உள்ளே பெருக்குகிற சத்தம் கேட்டது. உதிர்ந்த மண்ணை முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து வாசலுக்கு வெளியே கொட்டினாள்.

கதவைச் சாத்தினாள். பூட்டினாள். பூட்டை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் தெருவில் காத்திருந்தவள் 'இல்லை' என்பதைத் தொட்டாள்.