பிடுங்கிய ஒயர்

கவிப்பிரியா பேசிக்கொண்டிருந்தபோது மைக் நின்றுபோனது.

அதுவாக நிற்கவில்லை. நிறுத்தப்பட்டது.

சேலத்துப் பேச்சுப் போட்டிக்குக் கல்லூரியிலிருந்து ஒருவரைத்தான் அனுப்புவார்கள். கடைசித் தேர்வில் மிஞ்சியவர்கள் மோனிஷாவும் கவிப்பிரியாவும். மோனிஷா பேசி முடித்துவிட்டாள். நன்றாகவே பேசினாள்.

கவிப்பிரியா மலைமேல் நாகலூரில் காப்பி பறிக்கிற வீட்டுப் பெண். வகுப்பில் பொரிந்து தள்ளுவாள். மேடை ஏறினால் ஒரு வாக்கியம் சொல்வாள், வாயை மூடிக்கொள்வாள். பனங்கற்கண்டு, மூச்சுப் பயிற்சி, ஒன்றும் பலிக்கவில்லை.

இன்றும் அதே கதை. ஒரு வாக்கியம். மௌனம். இன்னொன்று. மௌனம்.

"நெட்வொர்க் இல்லைங்க" என்றான் பின்வரிசையில் ஒருத்தன். அரங்கு சிரித்தது.

அப்போதுதான் மைக் செத்தது.

கவிப்பிரியா அதைத் தட்டிப் பார்த்தாள். தள்ளி வைத்தாள். அப்புறம் பேசினாள் பாருங்கள். கடைசி வரிசை வரைக்கும் கணீரென்று போனது குரல். ஓர் இடத்திலும் நிற்கவில்லை. நெட்வொர்க் ஆசாமிதான் முதலில் கைதட்டினான்.

கவிப்பிரியா தேர்வானாள். தோழிகள் அவளை வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள்.

மைக் செட் முருகன் விடவில்லை. "ஒயரு தானா கழறலைங்க சார். புடுங்கியிருக்காங்க. இந்தப் புள்ளதான் பக்கத்துல நின்னுச்சு."

மோனிஷா.

தேர்வை நடத்திய பேராசிரியர் சந்திரசேகருக்குக் கொதித்தது. "நீயா?"

"ஆமாங்க சார்."

"ஏன்?"

மோனிஷா வாசல் பக்கம் பார்த்தாள்.

"கூடப் படிக்கிறவ முன்னுக்கு வந்தா வயிறு எரியுதாக்கும். இனி எந்த மேடையிலும் உன்னைப் பார்க்கக் கூடாது. போ."

"சரிங்க சார்." பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

கவிப்பிரியா உள்ளே வந்தாள்.

"ஒயரைப் புடுங்கியும் அசரலையே கண்ணு. பயமெல்லாம் எங்கே போச்சு?"

"பயம் எப்பவும் இல்லைங்க சார்."

"பின்னே ஏன் நின்னு நின்னு பேசினே?"

"காப்பிக் காட்டுல சரிவுக்குச் சரிவு கூப்பிட்டுத்தானுங்க பேசுவோம். எதிர்ச் சரிவுல குரல் வந்தா நாங்க வாயை மூடிக்கோணும். காட்டுமாடு வருதுன்னு சொல்றாங்களோ என்னமோ, காது குடுக்கோணுமில்லைங்க. இங்க பின்னாடி ஸ்பீக்கர்ல என் குரலே திரும்பி வருது. வாய் தானா மூடிக்குது."

"சேலத்துலயும் மைக் இருக்குமே?"

"இருக்கட்டுங்க. மேடையில நிறுத்தாம பேச வரும்னு தெரிஞ்சுபோச்சு. இனி பழகிக்குவேன்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சிரிப்பாங்கன்னு சொல்லலைங்க. நேத்து பஸ்ஸுல ஒருத்திகிட்ட மட்டும் சொன்னேன்."

"யாருகிட்ட?"

"மோனிஷாகிட்டங்க."