டீர் என்ற பெயர்

இங்கிலாந்துக் காட்டில் அப்போதெல்லாம் முயல், நரி, மான் எல்லாருக்கும் ஒரே பெயர்தான்: டீர். கடலுக்கு அக்கரையில் ஜெர்மன்காரர்களும் டச்சுக்காரர்களும் இன்றைக்கும் ஏறக்குறைய அதே சொல்லால்தான் எல்லா விலங்கையும் அழைக்கிறார்கள்.

பனிமூட்டம் இறங்கும் காலைகளில் மரங்களுக்குள்ளிருந்து ஒரு குரல் "டீர்" என்று கூப்பிடும். ஆளைக் கண்டவர் இல்லை. பனி விலகும்போது யாராவது ஒருவர் குறைந்திருப்பார். குரல் யாரைக் கூப்பிடுகிறது என்று தெரியாமல் எல்லாரும் நடுங்கினார்கள்.

ஒருநாள் நரி மானிடம் வந்தது.

"அண்ணே, இவ்வளவு அழகா கொம்பு வச்சிருக்கீங்க. உங்களுக்கும் அந்த முயலுக்கும் ஒரே பேரா? எனக்கே கேக்கச் சகிக்கல. அந்தப் பேரை நீங்களே வச்சுக்குங்க. நாங்க வேற பாத்துக்குறோம்."

"நானே சொல்லணும்னு இருந்தேன். கூச்சமா இருந்துச்சு," என்றது மான்.

அன்று சாயங்காலத்துக்குள் நரிக்கும் முயலுக்கும் புதுப்பெயர் வந்துவிட்டது. மான் தன் பெயரைத் தானே பத்துமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டது.

மறுநாள் காலை பனி இறங்கியது. குரல் வந்தது. முயல் புல்லை மெல்லுவதை நிறுத்தவில்லை.

கண்ணைத் திறக்காமலே நரி சொன்னது: "அண்ணே, உங்களைத்தான் கூப்பிடுறாங்க."