பேங்க் மாமாவின் சமையலறை

"தவணை கட்டக் கட்ட வீடு நமக்கு வருது. ஹால் வந்தாச்சு. சமையலறை இன்னும் பேங்க் மாமாவோடது, தட்டிட்டுத்தான் போகணும்," என்று மகளிடம் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார் அப்பா.

மகள் கதவைத் தட்டினாள். "மாமா, வரலாமா?"

அடுப்பருகே நின்ற அம்மா சிரித்தாள்.

நான்கு மாதம் கழித்து, வங்கிக்குப் புதிதாக வந்திருந்த குமாஸ்தா அம்மாவிடம் வீட்டுப் பத்திரத்தை நீட்டினார். "இருபது வருஷக் கடனை நாலே வருஷத்துல முடிச்சிட்டீங்களேம்மா. சாருக்கு நல்ல சம்பளமோ?"

"இல்லீங்க. கடனுக்கு அவர் பேர்ல இன்ஷூரன்ஸ் இருந்துச்சு. அவர் தவறினதும் அவங்களே கட்டிட்டாங்க."

குமாஸ்தா பேனாவை மூடினார்.

வீட்டில் மகளிடம் சொன்னாள்: "இனிமே எல்லா ரூமும் நம்மளுதுடி."

மகள் தலையாட்டினாள். தண்ணீர் குடிக்கப் போனவள், திறந்திருந்த சமையலறைக் கதவைத் தட்டினாள்.

"மாமா, வரலாமா?"