கருவி விழிக்கும் நேரம்

கொக்கிளாய்க் களப்பின் மேல் மாலை வெயில் மஞ்சளாகச் சாய்ந்து கிடக்கிறது. முழங்காலளவு தண்ணீரில் மிதக்கும் மீன்பிடிப் போட்டின் விளிம்பில் லப்டொப்பை மடியில் வைத்தபடி ஜெயரூபினி இருக்கிறாள். தகப்பனார் மரியநேசனுக்கு அவளே செய்து கொடுத்த ஜிபிஎஸ் கருவி விழித்துக்கொள்ள நாற்பது விநாடி எடுக்கும். அதைத் தொடக்கிவைக்கும் அடி நிரலை மாற்றி, இன்று ஐந்து விநாடிக்குக் கொண்டுவந்துவிட்டாள். அத்திவாரத்தில் கை வைத்தால் மேலே எது ஆடும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறாள். வரைபடம் விரிகிறது. ஆழம் காட்டுகிறது. வலை போடும் இடங்களின் சிவப்புப் புள்ளிகளில் ஒன்றுகூட அழியவில்லை. "எல்லாம் சரியப்பா, போட்டுப் பாருங்கோ" என்கிறாள்.

மரியநேசன் செதில் ஒட்டிய விரலால் பொத்தானை அழுத்துகிறார். தொப்பியைக் கழற்றி, சிலுவை அடையாளம் போட்டு, கண்ணை மூடுகிறார். உதடு அசையத் தொடங்கவே கருவி தயாராகிக் கீச்சென்று கூப்பிடுகிறது. அணைத்து மறுபடி போடுகிறார். மறுபடியும் கீச்.

"என்னப்பா, பிழையோ?"

"இல்லைப் பிள்ளை, நல்லாத்தான் வேலை செய்யுது." தொப்பியை விரல்களுக்குள் சுழற்றுகிறார். "முந்தி இது வாறதுக்குள்ள மூண்டு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லி முடிச்சிடுவன். இப்ப முதலாவதே முடியேல்லை."

"ஆராருக்கு மூண்டு?"

"ஒண்டு கடலுக்கு. ஒண்டு உன்ர அம்மாவுக்கு."

மூன்றாவதைச் சொல்லாமல், அவளுடைய தோளில் ஒட்டியிருக்கும் வலை நூலை மெதுவாக எடுத்துவிடுகிறார்.

ஜெயரூபினி லப்டொப்பைத் திரும்பத் திறக்கிறாள். தொடக்க நிரலின் தலைமாட்டில் புதிதாக ஒரு வரி சேர்க்கிறாள்: முப்பத்தைந்து விநாடி பொறுத்திரு.