பேர் சொல்லி ஒரு ஜெபம்

வளர்மதி முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

யாரும் சொல்லவில்லை. முன்வரிசைப் பெண்களைப் பார்த்துத் தானாகவே போட்டுக்கொண்டாள்.

பக்கத்தில், அதே பாயில் உட்கார்ந்திருந்த இவள் அதை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

சபைக்கு வரச்சொல்லி இவள் வாய் வலிக்கக் கூப்பிட்ட சிநேகிதி. பனியன் கம்பெனியில் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுகிறவர்கள். "எனக்கு எங்க மாரியாத்தா போதுங்க்கா, நீங்க போய்ட்டு வாங்க" என்று சிரித்தே தட்டிக்கழித்துக்கொண்டிருந்தவள், இன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தாள்.

"உங்க சபையில பூ வைக்க மாட்டீங்கல்ல."

இவள் கேட்கவே இல்லை. அவளாகச் செய்தாள். அதையே நினைத்துக்கொண்டு இவள் பாட்டெல்லாம் தப்புத் தப்பாகப் பாடினாள்.

ஒரு ஆத்துமா. இவள் கொண்டுவந்து சேர்க்கிற முதல் ஆத்துமா. மற்றவர்களெல்லாம் குடும்பம் குடும்பமாகக் கூட்டி வந்துவிட்டார்கள். சாட்சி சொல்லும் நேரம் வந்தால் இவள்தான் தலையைக் குனிந்துகொள்வாள்.

ஆராதனை முடிந்தது.

பாஸ்டரம்மா நேராக வந்து வளர்மதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீதானா கண்ணு வளர்மதி? உம் மக பூச்சி மருந்தைக் குடிச்சிட்டாள்னு கேட்டு உபவாச ஜெபத்துல நாங்க எல்லாருமே அழுதோம். இப்போ புள்ள எப்படி இருக்கா?"

உண்மையான அக்கறை. அந்தம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சுற்றி நின்ற பெண்களும் நெருங்கி வந்தார்கள். வளர்மதி குடியிருக்கிற லைன் வீட்டின் அக்கம்பக்கத்துப் பெண்களும் அதில் இருந்தார்கள்.

வளர்மதி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் இவளைப் பார்த்தாள்.

"நல்லா இருக்காளுங்க" என்றாள்.

வளர்மதி ஊருக்குச் சொன்னது விஷக்காய்ச்சல். ஆஸ்பத்திரி வராந்தாவில் இவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் நிஜத்தைச் சொன்னாள். "செத்தாலும் வெளிய தெரியக் கூடாதுங்க்கா. நாளைக்கு அவளுக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு ஆகணும்." இவள் அவள் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தாள்.

அந்த வாக்கை மீறியதாக இவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கம்பெனியில் மூச்சு விடவில்லை. கட்டின புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. ஜெபத்தில்தான் சொன்னாள். ஜெபத்தில் சொல்வது எப்படி ஊருக்குச் சொல்வதாகும்?

அந்த உபவாச ஜெபத்தில் "ஒரு சகோதரியோட மக" என்றுதான் ஆரம்பித்தாள். பேர் சொல்லி ஜெபித்தால்தான் பாரத்தோடு ஜெபிக்க முடியும் என்று மைக்கை இன்னும் கிட்டே நீட்டினார்கள்.

சொன்னாள். மகள் பேர், தாய் பேர், எந்தத் தெரு, எந்தப் பையனால் வந்த வினை, எல்லாம்.

பிள்ளை பிழைத்தாள். அதுவும் நிஜம்தானே.

பஸ் ஸ்டாப் வரைக்கும் வளர்மதி இரண்டடி முன்னாலேயே நடந்தாள். முந்தானை அவள் தலையிலேயே இருந்தது. எடுக்க மறந்துபோயிருந்தாள்.

திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை.

தூரத்தில் பஸ் தெரிந்தபோது வளர்மதி கேட்டாள்.

"சொல்றப்ப அழுதீங்களாக்கா?"

"அழுதேன் வளரு."

அழுதாள்தான். பொய்யில்லை.

ஆனால் அன்றைக்கு அத்தனை பேரும் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அழுகைக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. ஒரு சந்தோஷம். அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. சீ என்றிருந்தது.

வளர்மதி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முன்பெல்லாம் யார் முதலில் ஏறினாலும் மற்றவளுக்குத்தான் அந்தப் பக்கத்து சீட்.

அதில் கைப்பையை வைத்தாள்.

இவள் படியில் காலை வைக்கவில்லை.

மறுநாள் கம்பெனியில், மேசைக்கு எதிரே வேறொருத்தி உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். பாயெல்லாம் நிறைந்திருந்தது.

"வளர்மதி மனசு எப்படி இருக்கு சிஸ்டர்? ஞாயித்துக்கிழமை வருவாளா?" என்றார் பாஸ்டரம்மா. "இன்னைக்கு அவளுக்காக விசேஷமா ஜெபிப்போம். குறிப்பைச் சொல்லுங்க."

மைக் கைமாறிக் கைமாறி இவளிடம் வந்தது.

எல்லாரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள்.

இவளுக்குத் தெரிந்தது நிறைய. பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. வளர்மதி வேறு பகுதியில் வீடு தேடிக்கொண்டிருக்கிறாள். மகள் மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாளாம். கம்பெனியில் காதில் விழுந்ததுதான்.

எல்லாம் நல்ல ஜெபக் குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் இந்த அறையே அழும்.

"பேரைச் சொல்லுங்க சிஸ்டர்."

சொன்னாள்.

"கிருபாவதி."

ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். ஒன்றிரண்டு பேர் கண்ணைத் திறந்து பார்த்தார்கள்.

பாஸ்டரம்மா குழம்பிப்போய்ச் சிரித்தார்.

"அது உங்க பேராச்சே. உங்களுக்கு என்ன குறிப்பு?"

இவள் மைக்கின் சுவிட்சை அணைத்துப் பாயின் மேல் வைத்தாள்.